வினிகர் வாடை அடிக்கும் பிலிம் சுருளைக் காப்பாற்ற உதவி தேவை

அப்பா சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு தியேட்டரில் ஆபரேட்டர். புரொஜெக்டர் வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சி எரிந்த காலம். தியேட்டரை இடித்துவிட்டார்கள், மிச்சம், அதன் வெள்ளிவிழாவன்று எடுத்த 400 அடி 16 எம்எம் சுருள்தான். ஓடினால் 11 நிமிடம் வரும். ஆறு மாதமாக வினிகர் வாடை, ஓரமெல்லாம் நெளிகிறது. அசிடேட் பிலிம் சிதைகிறது என்று அர்த்தம்.

தகர டப்பாவிலிருந்து எடுத்துக் காற்றாட வைத்தேன், வாடை போகவில்லை. நாலு ரோட்டில் இரண்டு ஸ்டுடியோக்களில் கைவிரித்துவிட்டார்கள். ஏற்காட்டில் சித்தி வீட்டில் வைக்கலாமென்றால், குளிர் சரி, ஈரம் ஆகாது.

மொபைல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சைக்கிள் ஸ்டாண்ட், தரை டிக்கெட் வரிசை, அப்புறம் கதவோரம் சட்டைக் கையை மடித்துவிட்டபடி அப்பா. அந்தத் தியேட்டர் வாசலுக்கு வேறு படமே கிடையாது.

சுருங்கிய 16 எம்எம் பிலிமைக் கிழியாமல் ஸ்கேன் செய்து தருபவர்கள் சேலம், கோவை, சென்னையில் எங்கே இருக்கிறார்கள்?