கல்லில் சைக்கட் இலை: பார்த்தவர்கள் எழுதுங்கள்

நான் பார்த்தது ஜார்கண்டின் ராஜ்மகால் மலையில் கிடைத்த டைலோஃபில்லம் என்ற புதைபடிவ இலை. உள்ளங்கை அகலக் கல். நேராக வெளிச்சம் அடித்தால் வெறும் பழுப்புக் கறைதான். டார்ச்சைக் கல்லோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்ததும் எல்லாம் எழுந்து வந்தன: நடுக்காம்பின் மேல்பக்கத்திலேயே இரு வரிசையாக ஒட்டிய குட்டி இலைக்கூறுகள், ஒவ்வொன்றிலும் இணைகோடாக ஓடும் நரம்புகள். யாரைக் கேட்டாலும் சைக்கட் (பனைபோலத் தோன்றும், பூக்காத விதைத் தாவரம்) என்பார்கள். ஆனால் இல்லை! பென்னட்டிட்டேல்ஸ் என்ற, இன்று பூண்டோடு அற்றுப்போன வேறொரு தாவரக் கூட்டம். இதே மலையின் படிவங்களை வைத்துத்தான் தொல்தாவரவியலாளர் பீர்பல் சாஹ்னி 1932-இல் வில்லியம்சோனியா செவார்டியானா என்ற முழுச் செடியை உருவமைத்துக் காட்டினார். தனித்தனிப் பெயரில் கிடந்த தண்டு, இலை, பூ போன்ற உறுப்பு மூன்றும் ஒரே செடியாகச் சேர்ந்தன.

— நீங்கள் சொல்வது சரி. உருவத்தை வைத்து முடிவுகட்டவே கூடாது, மேல்தோலைப் பார்க்க வேண்டும். கல்லில் இலையின் கரிப்படலம் மிஞ்சியிருந்தால் அதை நைட்ரிக் அமிலம், பொட்டாசியம் குளோரேட் கலவையில் ஊறவைத்து, பிறகு காரத்தில் கழுவுவோம். கருப்பு கரைந்து, தேன் நிறத்தில் க்யூட்டிக்கிள் (மேல்தோலின் மெழுகுப் படலம்) மட்டும் மிதக்கும். (தூரிகையால் ஸ்லைடில் ஏற்றும்போது மூச்சுகூட விடமாட்டேன்.) நுண்ணோக்கியில் செல் சுவர்கள் நெளிநெளியாக இருந்து, இலைத்துளையின் இருபக்கமும் ஒவ்வொரு துணைச்செல் நின்றால் பெரும்பாலும் பென்னட்டிட்டேல்ஸ். துளையைச் சுற்றிப் பல செல்கள் வளையமாக நின்றால் சைக்கட் பக்கம். இந்த வேறுபாட்டை 1913-லேயே தாவரவியலாளர்கள் தாமஸும் பான்கிராஃப்டும் எழுதிவிட்டார்கள். டைனோசர் படங்களில் வரும் ‘சைக்கட் காடு’ பலவற்றில் பாதி இந்தப் போலிகள்தான் என்பது என் கட்சி.

— எனக்குக் கல் அனுபவம் கிடையாது, உயிருள்ள சைகஸ் என்ற சைக்கட் செடிதான். அதன் விந்தணு நீந்தும் என்று 1896-இல் ஜப்பானியத் தாவரவியலாளர் இகெனோ கண்டறிந்ததைப் படித்தபின் அந்தச் செடியைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. விதை வந்த பிறகும் பெரணிக் காலத்துப் பழக்கத்தை விடவில்லையே! ஆனாலும் ‘வாழும் புதைபடிவம்’ என்ற பட்டம் எனக்கு ஒப்பவில்லை. வம்சம் டைனோசர்களுக்கும் முந்தைய பெர்மியன் காலத்ததுதான். இனங்கள் அப்படியல்ல: 2011-இல் வந்த டி.என்.ஏ. ஆய்வின்படி, இன்றுள்ள சைக்கட் இனங்களில் பெரும்பாலானவை கடந்த சுமார் 1.2 கோடி ஆண்டுகளுக்குள் கிளைத்தவை. டைனோசர் எதுவும் அவற்றைக் கடித்திருக்க வாய்ப்பில்லை.