லிஃப்டுக்குள் எடை மெஷின்: எங்கள் அனுபவம், உங்களுடையதையும் சொல்லுங்கள்

பத்தாவது அம்மா:

போன மாதம் மகளின் அறிவியல் விடைத்தாளைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. மேலே போய்க்கொண்டிருக்கும் லிஃப்ட் வேகம் குறைந்தால் உள்ளே நிற்பவரின் தோற்ற எடை (எடை மெஷின் அந்த நேரம் காட்டும் எடை) என்ன ஆகும் என்று கேள்வி. 'குறையும்' என்று எழுதியிருந்தாள். அதை அடித்துவிட்டு 'கூடும்' என்று சிவப்பு மையில் திருத்தியிருந்தார்கள். அவள் எழுதியதுதான் சரி. ஆனால், "மேலே போனா கூடும், கீழே வந்தா குறையும்னு மிஸ் சொன்னாங்களேம்மா" என்று அவளே குழம்பிப் போய் நின்றாள்.

சரி, கண்ணால் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தோம். வீட்டில் பழைய முள் வைத்த எடை மெஷின் ஒன்று கிடந்தது. (டிஜிட்டல் மெஷின் இதற்கு ஆகாது, முதலில் வந்த எண்ணையே பிடித்துக்கொண்டு நிற்கும்.) எங்கள் அபார்ட்மென்டில் பத்து மாடி. இரவு பதினொரு மணிக்கு, லிஃப்டை யாரும் கூப்பிடாத நேரமாகப் பார்த்து இறங்கினோம். நான் மெஷின்மேல் நின்றேன், அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முள்ளையே பார்த்தாள்.

நிற்கும்போது 62. லிஃப்ட் கிளம்பியதும் முள் 66க்குப் போனது. "அம்மா, ஏறுது ஏறுது!" ஒரு மூச்சு விடும் நேரம்தான், மறுபடி 62க்கு வந்துவிட்டது. அதற்கப்புறம் எட்டாவது மாடி தாண்டும்வரை முள் அசையவே இல்லை. மேலேதான் போய்க்கொண்டிருக்கிறோம், ஆனாலும் 62. பத்தாவது மாடி நெருங்கி வேகம் குறைந்தபோது முள் 58க்கு இறங்கியது. திரும்பி வரும்போது கிளம்புகையில் 58, நடுவில் 62, தரைத்தளத்தில் நிற்கப்போகும்போது 66.

எந்தப் பக்கம் போகிறோம் என்பது கணக்கே இல்லை, முடுக்கம், அதாவது வேகம் மாறும் வீதம், எந்தப் பக்கம் என்பதுதான் கணக்கு. மேலே போகும்போது வேகம் குறைகிறது என்றால் முடுக்கம் கீழ்நோக்கி இருக்கிறது. பூமி நம்மை இழுக்கும் விசை அப்போதும் மாறுவதில்லை. மெஷின் காட்டுவது நம் பாதத்தை அது எவ்வளவு விசையோடு தாங்குகிறது என்பதைத்தான்; முடுக்கம் கீழ்நோக்கி இருந்தால் அந்த விசை குறையும். 62 கிலோவில் 4 கிலோ கூடியது, 4ஐ 62ஆல் வகுத்து, புவியீர்ப்பு முடுக்கமான 9.8ஆல் பெருக்கிப் பார்த்தால் முடுக்கம் சுமார் 0.6 மீட்டர்/விநாடி². ஒரு முள்ளை வைத்து லிஃப்டின் முடுக்கத்தையே கண்டுபிடித்துவிட்டோம் என்பதில் அவளுக்கு மார்க்கைவிடப் பெரிய சந்தோஷம். மறுநாள் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு போய்க் காட்டினாள். மார்க்கும் வந்தது.

மெஷின் ரூம்:

மேடம், 18 வருடமாக லிஃப்ட் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். நீங்கள் பார்த்தது எங்களுக்கு அன்றாட விஷயம். ஓவர்லோடு சென்சார் இருக்கிறதே, அது லிஃப்ட் நிற்கும்போது பார்க்கும் எடையைத்தான் கணக்கில் எடுக்கும். ஓடும்போதும் எடுத்தால், ஆள் கூடாமலேயே கிளம்பும் நேரத்தில் பஸ்ஸர் கத்திவிடும்.

பழைய இரண்டு வேக மோட்டார் லிஃப்டுகளில் மாடி வரும்போது வெட்டி இழுக்கும், வயிறு கலங்கும். இப்போது வருகிற டிரைவ் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் குறைப்பதால் அது தெரிவதில்லை. வேலை முடிந்ததும் நான் லிஃப்ட் தரையில் ஒரு நாணயத்தை விளிம்பில் நிறுத்திவிட்டு ஒரு ஓட்டம் விட்டுப் பார்ப்பேன். நேராக மேலேயோ கீழேயோ முடுக்கம் இருப்பதால் நாணயம் விழாது. வெட்டி இழுத்தாலோ பக்கவாட்டில் ஆடினாலோதான் விழும்.

கயிறு அறுந்தால் எடை சைபர் ஆகிவிடுமா என்று பலர் பயத்தோடு கேட்பார்கள். தடையில்லாமல் விழுந்தால் ஆகும். ஆனால் கயிறு ஒன்று இல்லை, பல இருக்கும். அதையும் மீறி வேகம் எல்லை தாண்டினால் கவர்னர் என்ற வேகக் கண்காணிப்புக் கருவி உணர்ந்து, கேபினுக்கு அடியில் உள்ள பிடிப்பான்களை இயக்கும், அவை லிஃப்ட் ஓடும் வழித் தண்டவாளத்தைக் கவ்வும். நியூயார்க்கில் 1854ல் லிஃப்ட் பாதுகாப்பு பிரேக்கை உருவாக்கிய எலிஷா ஓட்டிஸ் லிஃப்ட் மேடையில் ஏறி நின்றுகொண்டு கயிற்றை வெட்டச் சொல்லிக் காட்டியதும் இந்த வகைப் பாதுகாப்பைத்தான். தயவுசெய்து பயப்படாதீர்கள்.

கேன் போட்டவன்:

அக்கா, காலேஜ் படிக்கும்போது சாயங்காலம் தண்ணீர் கேன் போடுவேன். 20 லிட்டர் கேன் தோளில் இருக்கும். லிஃப்ட் கிளம்பும்போது கழுத்தோரம் ஒரு அழுத்து அழுத்தும், நிற்கப்போகும்போது லேசாகும். அந்த லேசாகும் நொடியில்தான் கேனைத் தோள் மாற்றுவேன். ஏன் என்று அப்போது யோசித்ததில்லை. உங்கள் முடுக்கத்தை வைத்துப் பார்த்தால் ஒரு கிலோவுக்கு மேல்தான் கூடியிருக்கிறது. அந்த ஒரு கிலோ தோளுக்கு நன்றாகவே தெரியும்.

துபாய்வாசி:

புர்ஜ் கலீஃபாவில் 124வது மாடிக்குப் போனேன். லிஃப்டின் வேகம் விநாடிக்கு 10 மீட்டர், மேலே போய்ச் சேர சுமார் ஒரு நிமிடம். உடம்பு பாரமாக அழுத்தும் என்று எதிர்பார்த்தேன். காது அடைத்தது, அவ்வளவுதான். இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். முடுக்கம் 1 என்று வைத்தால் முழு வேகம் பிடிக்க 10 விநாடி, நிற்க 10 விநாடி. நடுவில் உள்ள அரை நிமிடத்துக்கும் மேலான நேரம் சீரான வேகம், அப்போது எடை வீட்டில் இருப்பதுபோலத்தான்.

பத்தாவது அம்மா:

மெஷின் ரூம் அண்ணா, மகளிடம் உங்கள் நாணயத்தைப் பற்றிச் சொன்னதும் இன்றிரவே போகலாம் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். ஒரு ரூபாய் நாணயம் மூன்றாவது முயற்சியில் விளிம்பில் நின்றது. கிளம்பும்போது ஆடவில்லை. ஏழு, எட்டு, ஒன்பது வரைக்கும் நின்றது. பத்தில் நிற்கும்போது லேசாக ஒரு உதறல், நாணயம் உருண்டு கதவு இடுக்கில் விழுந்துவிட்டது. எங்கள் லிஃப்டுக்கு சர்வீஸ் தேவையா, சொல்லுங்கள்.