புதுப்பிப்பு: கியர்ன்ஸ் வைப்பர் வழக்கு, பதில் கிடைத்துவிட்டது

விட்டு விட்டு இயங்கும் கார் வைப்பரை உருவாக்கிய ராபர்ட் கியர்ன்ஸ், எல்லோரிடமும் இருந்த பாகங்களை வைத்துச் செய்ததற்கு எப்படிக் காப்புரிமை (பேட்டன்ட்) நின்றது என்று கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. செய்திகளை விட்டுவிட்டு 1967 காப்புரிமை ஆவணத்தையே (எண் 3,351,836) படிக்கச் சொன்னதுதான் வேலைக்கு ஆனது.

அடிப்படை இதுதான்: மின்தேக்கி (மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் பாகம்) ஒரு மின்தடை (மின்னோட்டத்தைக் குறைக்கும் பாகம்) வழியாக மெல்ல நிரம்பும், குறிப்பிட்ட வோல்டேஜ் வந்ததும் சுவிட்ச் மாதிரி வேலை செய்யும் டிரான்சிஸ்டர் மோட்டாரை ஓடவிடும், வைப்பர் ஒருமுறை துடைத்துவிட்டு நிற்கும், அப்புறம் மறுபடி முதலிலிருந்து. மின்தடையை மாற்றினால் இடைவெளியும் மாறும். பாகங்கள் பழசு, அவற்றைச் சேர்த்த விதம் புதுசு. காப்புரிமை அந்தச் சேர்க்கைக்குத்தான். காப்புரிமையை மீறியதாக அவர் வழக்குப் போட்ட கார் நிறுவனங்களில் ஒன்றான ஃபோர்டு, இதில் புதிதாக ஒன்றுமில்லை என்று வாதிட்டது 1990இல் எடுபடவில்லை. ஆனால் ஃபோர்டு வேண்டுமென்றே மீறவில்லை என்றும் நடுவர் குழு (ஜூரி) சொன்னது (இதை ஏனோ பலரும் விட்டுவிடுகிறார்கள்). ஃபோர்டு கொடுத்தது 1.02 கோடி டாலர். இன்னொரு கார் நிறுவனமான கிரைஸ்லர் மேல் போட்ட வழக்கில் அவரே வாதாடி 1992இல் ஜெயித்தார், வட்டியோடு சுமார் 3 கோடி.

நான் எதிர்பாராதது: கிரைஸ்லர் வழக்கில், அந்த நிறுவனம் இனி அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அவர் தடை உத்தரவும் கேட்டிருக்கிறார், 1994இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது. காரணம் எளிது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி காப்புரிமைக்கு வழங்கிய நாளிலிருந்து 17 வருடம்தான் ஆயுள், அதாவது 1978இல் ஃபோர்டு மேல் போட்ட முதல் வழக்கு முடிவதற்குள்கூட, 1984லேயே அந்த 1967 காப்புரிமை காலாவதி.