விசில் அம்பு, கல்குதிரை, கனிஷ்கர் பூட்ஸ்: உங்களுக்கும் ஏதாவது உறுத்துகிறதா?

நடைவண்டி
சீனாவுக்கு வடக்கே இருந்த சியோங்னு நாடோடிகளின் சான்யூ (அரசன்) மோடு, விசில் அம்பு விட்டு ஆட்களைப் பழக்கிய கதை இந்த மன்றத்தில் எல்லோருக்கும் தெரியும், நேரே விஷயத்துக்கு வருகிறேன். வேலை நிமித்தம் மங்கோலியாவில் சாயின்ஷாண்ட் பக்கம் ஒன்றரை வருஷம் இருந்தேன். ஒரு ஞாயிறு, கூட வேலை பார்ப்பவரின் குடும்பக் கூடாரத்தில் ஆட்டுக்கறி, உப்புப் போட்ட பால் டீ எல்லாம் முடிந்தது. வீட்டுப் பெரியவர் வில்லை எடுத்தார். அம்பு முனைக்குக் கீழே எலும்பில் கடைந்த ஒரு குமிழ், இலந்தைப்பழம் அளவு, அதில் மூன்று ஓட்டை. சியோங்னு கல்லறைகளில் கிடைத்ததும் இந்த மாதிரிதான். நான் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தேன்.

விட்டார். ஊளைக்கும் விசிலுக்கும் நடுவில் ஒரு சத்தம், போகப் போக மெலிந்து இழுத்துக்கொண்டே போனது. நிமிர்ந்து பார்த்தால் அங்கிருந்த பதினோரு பேர் தலையும், கட்டியிருந்த இரண்டு குதிரைகளின் தலையும் ஒரே பக்கம் திரும்பியிருந்தன. என்னுடையதும்தான். நான் திருப்பவில்லை, அது திரும்பிவிட்டது.

மோடு முதலில் தன் குதிரை, அப்புறம் ஆசை மனைவி, கடைசியில் அப்பா தூமான் மேல் அந்த அம்பை விட்டான், கூடவே எய்யாதவன் தலை போனது என்று படித்தபோதெல்லாம், தலைக்குப் பயந்து எய்தார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். கி.மு. 209-இல் அந்தக் கடைசி அம்பு பறந்தபோது அவர்களுக்குப் பயப்படவாவது நேரம் இருந்திருக்குமா? கழுத்து திரும்பியதும் கை பின்னாலேயே போயிருக்கும். அன்று என் கையில் வில் இல்லை, அவ்வளவுதான்.

பழுப்புத்தாள்
உறுத்தட்டும். ஆனால் அப்படி நடந்ததா என்பதே சந்தேகம். எழுதிய சீன வரலாற்றாசிரியர் சீமா சியேன், மோடு செத்து (கி.மு. 174) பல வருஷம் கழித்துப் பிறந்தவர், அதுவும் எதிரியான ஹான் அரசவையில் வேலை பார்த்தவர். அதே அத்தியாயத்தில் பக்கத்து நாடோடிக் கூட்டமான டோங்ஹூக்காரர்கள் மோடுவிடம் என்ன கேட்கிறார்கள்? முதலில் நல்ல குதிரை, அடுத்து மனைவி, மூன்றாவதாக ஒன்றுக்கும் உதவாத வெற்று நிலம். முதல் இரண்டையும் கொடுத்துவிட்டு, நிலம் என்றதும் படை கிளம்புகிறது. குதிரை, மனைவி, அப்புறம் பெரிய அடி. இரண்டு கதைக்கும் ஒரே ஏணி. ஏணி கதைசொல்லியுடையது.

என் அனுபவம் சின்னது. சீனாவில் சியான் நகருக்கு மேற்கே மாவோலிங், சியோங்னுவை வென்ற ஹான் தளபதி ஹுவோ சூபிங் சமாதி. சியோங்னுக்காரனை மிதித்து நிற்கும் அந்தக் கல்குதிரை. எல்லோரும் குதிரையைப் படம் எடுத்துவிட்டு நகர்கிறார்கள். நான் குந்தி உட்கார்ந்து கீழே கிடக்கிறவனைப் பார்த்தேன். மல்லாந்து கிடக்கிறான், தாடி வைத்த முகம், வில் இன்னும் கையில். சிற்பி குதிரைக்கு அவ்வளவு அமைதி கொடுத்துவிட்டு இவன் முகத்தை மட்டும் கோரமாக்கி வைத்திருக்கிறான். வென்ற தளபதியும் கி.மு. 117-இல் இருபத்து நாலு வயதில் போய்ச் சேர்ந்தவன்தான். பின்னால் வரிசையில் இருந்தவர் தோளைத் தட்டும்வரை எழுந்திருக்கவில்லை.

தாழம்பூ
பழுப்புத்தாளுக்குப் பதில் சொன்னால் திரி அவருடையதாகிவிடும், அதனால் விடுகிறேன்.

வாங் சாவ்ஜுன் சமாதி, ஹோஹோட். உள்மங்கோலியா. கணவருக்கு அங்கே ஒரு வாரம் வேலை, நான் சும்மா இருந்தேன், போனேன். புல் மூடிய பெரிய மண்மேடு. முன்னால் சாவ்ஜுனும் சான்யூ ஹூஹன்யேயும் குதிரை மேல் ஒருவரையொருவர் பார்த்தபடி வெண்கலத்தில். கி.மு. 33-இல் ஹான் அரண்மனையிலிருந்து அந்தச் சான்யூவுக்கு மனைவியாக அனுப்பிய பெண். வழிகாட்டி ‘நல்லிணக்கம்’ என்று எத்தனை தடவை சொன்னார் என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன். ஹூஹன்யே செத்ததும் ஊருக்குத் திரும்பி வருகிறேன் என்று சாவ்ஜுன் எழுதிக் கேட்டதையும், அந்த ஊர் வழக்கப்படி நடந்துகொள் என்று பேரரசர் பதில் அனுப்பியதையும், அப்படியே மூத்தாள் மகனுக்கே மனைவியானதையும் வழிகாட்டி சொல்லவே இல்லை.

அங்கே வாடகைக்கு உடை தருகிறார்கள். சிவப்பு மேலங்கி, கழுத்தில் வெள்ளை ரோமம், கையில் பீபா என்ற சீன நரம்புக் கருவி. பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி அதைப் போட்டுக்கொண்டு நின்றாள். அவள் அம்மா ரோமத்தை நீவி, கன்னத்தில் ஒட்டிய முடியை ஒதுக்கி, தள்ளி நின்று ‘சிரி’ என்று சைகை காட்டினார். அந்தக் கையைத் தட்டிவிடலாம் போல இருந்தது. ஏன் என்று கணவர் கேட்டால் இன்னும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கரிசல்_ராஜா
சாவ்ஜுன் தானாக முன்வந்து போனவர் சகோதரி. பல வருஷம் பேரரசர் கண்ணிலேயே படாமல் இருந்த கோபத்தில்.

தாழம்பூ
தெரியும் அண்ணா. தானாகப் போனார் என்று எழுதிய அதே ‘பிற்கால ஹான் வரலாறு’ என்ற சீன நூலில்தான் திரும்பி வரக் கேட்டதும் இருக்கிறது. பாதியில் மூடி வைத்துவிட்டீர்கள்.

சாக்பீஸ்
நான் எங்கும் போகவில்லை, வகுப்பில் நடந்தது. குஷாணர் பாடம். யூச்சி இனத்தில் ஒரு கிளை என்று சொல்லி நகரும்போது கடைசி பெஞ்சுப் பையன், “யூச்சி ஏன் சார் அவங்க ஊரை விட்டு வந்தாங்க?” என்றான். சியோங்னு அடித்துத் துரத்தினார்கள் என்றேன். “அப்போ கனிஷ்கர் இங்க வந்தது அவங்களாலயா?” என்றான். இருபது வருஷமாக அந்தப் பாடத்தை நடத்துகிறேன், நான் யோசித்ததில்லை. மதுரா அருங்காட்சியகத்தில் தலையில்லாத கனிஷ்கர் சிலையைப் பார்த்திருக்கிறேன். நீள அங்கி, குதிரைக்காரன் போடும் கனத்த பூட்ஸ். மதுரா வெயிலில் இதை யாரய்யா போடுவான் என்று சிரித்துவிட்டு வந்தவன் நான்.

உற்சாகத்தில், மோடுவின் மகன் லாவ்ஷாங் யூச்சி அரசனின் மண்டையோட்டைக் குடிக்கும் கிண்ணமாக்கியதையும் சொல்லித் தொலைத்தேன். மறுநாள் ஒரு அம்மா போன் செய்தார். பையன் தம்ளரைத் தொட மாட்டேன் என்கிறானாம்.

ஊர்சுற்றி_கிழவன்
மங்கோலியாவில் ஓர்க்கோன் சமவெளி, துருக்கிய இளவரசன் குல் தெகின் நினைவுக் கல்வெட்டு, கி.பி. 732. துருக்கியர், சியோங்னு இல்லை, தெரியும், திட்டாதீர்கள். ஒரு பக்கம் சீன எழுத்து, செத்த குல் தெகினுக்காக சீனாவின் தாங் பேரரசர் அனுப்பிய இரங்கல். மற்ற பக்கங்களில் அவன் அண்ணன், துருக்கியப் பேரரசர் பில்கே ககான் பேசுகிறார்: சீனரின் இனிப்புப் பேச்சிலும் மெத்தென்ற பட்டிலும் மயங்கித்தான் துருக்கியர் பலர் செத்தீர்கள். ஒரே கல். நான் ஆறேழு தடவை சுற்றிச் சுற்றி வந்தேன், காவலர் சந்தேகமாகப் பார்த்தார்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். வெளியே வெட்டவெளியில் நிற்பது நகல், அதைத் தடவிவிட்டு அழாதீர்கள், அசல் அருங்காட்சியகத்துக்குள் இருக்கிறது. வசந்தகாலம் வேண்டாம், தூசிப்புயல். ஜூலையிலும் ஸ்வெட்டர் எடுங்கள். கையில் துக்ரிக் நோட்டு வேண்டும். சைவம் என்றால் புளிக்காய்ச்சல் பாட்டில் இரண்டு, அவல், ஒரு சின்ன கெட்டில். கூடாரத்தை நெருங்கும்போது ‘நொகோய் ஹோர்’ என்று குரல் கொடுங்கள், நாயைப் பிடி என்று அர்த்தம், நாய் இல்லாவிட்டாலும் அதுதான் வணக்கம். வாசற்படியை மிதிக்காதீர்கள். எது கொடுத்தாலும் வலது கையில் வாங்குங்கள். புளித்த குதிரைப்பாலை ஒரேயடியாகக் குடிக்காதீர்கள், பட்டவன் சொல்கிறேன். வண்டிக்காரர் ‘பக்கம்தான்’ என்றால் மூன்று மணி நேரம். நடைவண்டி, நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்.

பழுப்புத்தாள்
பட்டு எச்சரிக்கைக்கு பில்கே ககான் முதல் ஆள் இல்லை. எண்ணூறு தொள்ளாயிரம் வருஷம் முன்பே ஹான் அரண்மனையிலிருந்து சியோங்னு பக்கம் தாவிய அண்ணகர் சொங்ஹாங் யூவே, பட்டு உடுத்தி முள்ளுக்குள் குதிரை ஓட்டிப் பாருங்கள், கிழியும், உங்கள் கம்பளியும் தோலும் கிழியாது என்று சொல்லிவிட்டார். ஒரு சீனர்.

நடைவண்டி
கிழவன் ஐயா, நான் அங்கே ஒன்றரை வருஷம் இருந்தவன். முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறேன். கெட்டில் யோசனைக்கு நன்றி.

பழுப்புத்தாள், ஏணி சரி, ஒத்துக்கொள்கிறேன். கழுத்து திரும்பியதுக்கு என்ன சொல்கிறீர்கள்?

எழுத விட்டது ஒன்று: அந்த அம்பை விலைக்குக் கேட்டேன். பெரியவர் தரவில்லை. பழைய குமிழ் ஒன்றைத் தேடி எடுத்து, காசு வாங்காமல் கையில் வைத்தார். இப்போது என் மேஜையில் இருக்கிறது. வாயில் வைத்து எப்படி ஊதினாலும் சத்தம் வரமாட்டேன் என்கிறது.

சாக்பீஸ்
டேபிள் ஃபேன் முன்னால் பிடித்துப் பாருங்கள். வீட்டில் யாரும் இல்லாதபோது.