மலையில் பொது வைஃபையும் சொந்த சர்வரும்: அனுபவப் பகிர்வு

கோத்தகிரிக்காரர்

சீசனில் மலைக்கு வந்து லேப்டாப்பை விரித்து வேலை பார்க்கிறவர்கள் ஒரு பக்கம் இருக்கட்டும். மழைக்காலத்தில் மரம் விழுந்து கேபிள் அறுந்துவிட்டால் உள்ளூர்க்காரர்களுக்கும் அதே நிலைமைதான், குன்னூரிலோ ஊட்டி சேரிங் கிராஸ் பக்கமோ வைஃபை உள்ள கடையாகப் பார்த்துப் போய் உட்கார வேண்டியிருக்கிறது. நான் சிறு தேயிலை விவசாயிகளுக்கும் சில கடைகளுக்கும் கணக்கு எழுதி ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுக்கிறவன். என் லேப்டாப்பில் இருப்பதில் பாதி என்னை நம்பி மற்றவர்கள் கொடுத்த பான் எண்ணும் வங்கிக் கணக்கு விவரமும்தான். அதனால் விபிஎஸ் ஒன்றை (இணையத்தில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சர்வர்) வாடகைக்கு எடுத்து, அதில் சொந்தமாக விபிஎன் (நம் போக்குவரத்தைப் பூட்டி அந்த சர்வர் வரை கொண்டுபோகும் சுரங்கம்) போட்டு, வெளியே எங்கே உட்கார்ந்தாலும் அதன் வழியாகத்தான் இணையத்துக்குப் போகிறேன். எப்படிச் செய்தேன், அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று இங்கே எழுதுகிறேன். மற்றவர்களும் தங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

முதலில் எதற்குப் பயப்பட வேண்டும் என்பதில் தெளிவு வேண்டும். 2010-ல் ஃபயர்ஷீப் என்று பிரவுசரில் சேர்க்கிற ஒரு சின்ன நிரல் வந்தது. அதை வைத்து, பூட்டில்லாத அதே வைஃபையில் இருக்கும் இன்னொருவரின் ஃபேஸ்புக் கணக்குக்குள் ஒரு கிளிக்கில் நுழைய முடிந்தது, ஏனென்றால் அப்போது பல தளங்கள் லாகின் பக்கத்தை மட்டும் பூட்டிவிட்டு மற்ற பக்கங்களைத் திறந்தே விட்டிருந்தன. இன்றைக்கு அப்படி இல்லை. வங்கி, மெயில், ஜிஎஸ்டி தளம் எல்லாமே ஹெச்டிடிபிஎஸ், அதாவது உங்களுக்கும் தளத்துக்கும் இடையே போவது எல்லாம் பூட்டியே போகிறது. பக்கத்து மேஜைக்காரர் உங்கள் பாஸ்வேர்டைப் படித்துவிட முடியாது, நீங்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பதைத்தான் பார்க்கலாம். விபிஎன் விற்கிற விளம்பரங்கள் இதைச் சொல்லாமல் ஆட்களைப் பயமுறுத்துவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

ஆனால் மிச்சமிருக்கும் ஆபத்தும் லேசுப்பட்டதல்ல. கடையின் பெயரிலேயே யார் வேண்டுமானாலும் ஹாட்ஸ்பாட் போடலாம். பாஸ்வேர்டுதான் சுவரிலேயே ஒட்டியிருக்கிறதே, அதையும் அப்படியே வைத்துவிட்டால் உங்கள் ஃபோனுக்கு வித்தியாசம் தெரியாது, தானாகவே போய் இணைந்துகொள்ளும். அப்புறம் அந்த ரவுட்டரை வைத்திருப்பவர் டிஎன்எஸ்ஸை (தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைத் தரும் சேவை) மாற்றி உங்களைப் போலித் தளத்துக்குத் திருப்பப் பார்க்கலாம். பிரவுசர் எச்சரிக்கும், ஆனால் கடைசித் தேதி அன்று மாலையில் தாக்கல் செய்துகொண்டிருக்கிறவர் அந்த எச்சரிக்கையைப் படிக்காமல் தாண்டிப் போய்விடுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். உண்மையான கடை வைஃபையிலும் ஒரு சிக்கல் உண்டு. டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பூட்டு முறையில், பாஸ்வேர்டு தெரிந்த ஒருவர் உங்கள் ஃபோன் இணையும் அந்த நொடியைப் பிடித்துப் பதிவு செய்துவிட்டால் வைஃபையின் பூட்டைத் திறந்துவிடலாம். டபிள்யூபிஏ3-ல் இந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள், ஆனால் நான் உட்காரும் கடைகளில் பழைய ரவுட்டர்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, சர்வருக்கு வருவோம். மாதம் நாலைந்து டாலருக்குக் கிடைக்கிற மிகச் சிறிய விபிஎஸ் போதும், அதற்கு மேல் ஜிஎஸ்டி வரும். விபிஎன் ஓட்ட அரை ஜிபி மெமரியே தாராளம். பெங்களூரு, மும்பை, சென்னை என்று நமக்குப் பக்கத்தில் இருக்கிற ஊராகத் தேர்ந்தெடுங்கள். அமெரிக்காவில் எடுத்தால் ஒவ்வொரு கிளிக்கும் கடல் தாண்டிப் போய் வர வேண்டும். சர்வரில் போடும் லினக்ஸ் இயங்குதளமான உபுண்டுவில் எல்டிஎஸ் என்று போட்ட பதிப்பை எடுத்தால் ஐந்து வருஷம் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கும், அவற்றைத் தானாக நிறுவிக்கொள்ளும் அமைப்பை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

இங்கேதான் நிறைய பேர் அவசரப்படுகிறார்கள். விபிஎன் போடுவதிலேயே கண்ணாக இருந்து சர்வரின் வாசலைத் திறந்து போட்டுவிடுகிறார்கள். சர்வரை ஏற்றிக் கொஞ்ச நேரம் கழித்து அதன் லாகை, அதாவது யார் யார் நுழையப் பார்த்தார்கள் என்ற பதிவைத் திறந்து பாருங்கள். ரூட், அட்மின், டெஸ்ட் என்று பெயரை மாற்றி மாற்றி, எங்கெங்கோ இருக்கும் இயந்திரங்கள் பாஸ்வேர்டு போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். உங்களைக் குறிவைத்து அல்ல, இணையத்தில் இருக்கிற எல்லா முகவரியையும் வரிசையாகத் தட்டுகிறார்கள். அந்த சர்வர் அவர்கள் கைக்குப் போய்விட்டால் உங்கள் இணையப் போக்குவரத்து மொத்தமும் அவர்கள் கையில்தான். கடை வைஃபையே அதற்குத் தேவலை.

எனவே முதல் வேலை எஸ்எஸ்ஹெச், அதாவது தூரத்திலிருந்து சர்வருக்குள் பூட்டிய வழியில் நுழைய உதவும் நிரல். அது பிறந்ததே இப்படி ஒரு களவுக்குப் பிறகுதான். 1995-ல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டுத் திருடியதும், அங்கிருந்த டாட்டு யூலோனன் என்பவர் இதை எழுதினார். உங்கள் லேப்டாப்பிலேயே ஒரு ஜோடிச் சாவி உருவாக்குங்கள், வகை கேட்டால் இடி25519 என்று கொடுங்கள். பொதுச் சாவியை மட்டும் சர்வரில் வையுங்கள், தனிச் சாவி லேப்டாப்பை விட்டு எங்கேயும் போகக் கூடாது, அதற்கும் ஒரு பாஸ்வேர்டு போட்டு வையுங்கள். சாதாரணப் பயனர் ஒருவரை உருவாக்கிவிட்டு, ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள பயனர்) நேரடியாக நுழைவதையும் பாஸ்வேர்டால் நுழைவதையும் சுத்தமாக நிறுத்திவிடுங்கள். இந்த மாற்றங்களைச் செய்யும்போது ஏற்கெனவே திறந்திருக்கும் ஜன்னலை மூடாதீர்கள். இன்னொரு ஜன்னலில் புதிதாக நுழைய முடிகிறதா என்று பார்த்த பிறகே பழையதை மூட வேண்டும். எதை உள்ளே விடலாம் என்று தீர்மானிக்கும் ஃபயர்வாலிலும் அதே கவனம்தான், எஸ்எஸ்ஹெச்சுக்கு அனுமதி கொடுத்த பிறகு ஃபயர்வாலை இயக்குங்கள், வரிசை மாறினால் நீங்களே வெளியே நிற்க வேண்டியதுதான், அப்போது நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும் கன்சோல் வழியாக நுழைந்து சரிசெய்யலாம்.

விபிஎன்னுக்கு நான் பயன்படுத்துவது வயர்கார்டு என்ற நிரல். 2020-ல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே, 5.6 பதிப்பில், சேர்ந்துவிட்டது, அமைப்புக் கோப்பு பத்துப் பதினைந்து வரிதான். 51820 என்ற யுடிபி போர்ட்டை (போர்ட் என்பது சர்வரின் எண் போட்ட வாசல், யுடிபி தகவல் அனுப்பும் ஒரு முறை) திறக்க வேண்டும், சர்வரில் ஐபி ஃபார்வர்டிங்கை (வருவதை அடுத்த இடத்துக்கு அனுப்பிவைக்கும் அமைப்பு) இயக்க வேண்டும், வெளியே போகும் போக்குவரத்து சர்வரின் முகவரியில் போகும்படி ஒரு நேட் விதி எழுத வேண்டும். எனக்கு இதில் மிகப் பிடித்த விஷயம், சரியான சாவி இல்லாமல் தட்டுகிறவர்களுக்கு அது பதிலே சொல்லாது, வெளியிலிருந்து பார்த்தால் அங்கே ஒன்றும் இல்லாத மாதிரி இருக்கும். இன்னொன்று நம் மலைக்கென்றே செய்தது போல இருக்கிறது. கடை வைஃபையை விட்டுப் பஸ் ஏறி மேட்டுப்பாளையம் இறங்கும்போது கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் போய்ப் போய் வருமே, அப்போதும் மறுபடி லாகின் செய்யத் தேவையில்லை, சிக்னல் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிச் சாவி போடுங்கள். ஃபோன் தொலைந்தால் அந்த ஒரு சாவியை மட்டும் சர்வரிலிருந்து எடுத்துவிடலாம்.

அமைப்புக் கோப்பில் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். டிஎன்எஸ் வரி இல்லாவிட்டால் நீங்கள் தேடும் தளங்களின் பெயர் கடை ரவுட்டரிடமே போய்க் கேட்கப்படலாம். அனுமதி முகவரிகளில் (எந்த முகவரிகளுக்கான போக்குவரத்து சுரங்கத்தில் போக வேண்டும் என்று சொல்லும் வரி) பழைய முகவரி முறையான ஐபிவி4 மட்டும் எழுதிவிட்டு புதிய முறையான ஐபிவி6-ஐ விட்டுவிட்டால் பாதிப் போக்குவரத்து சுரங்கத்துக்கு வெளியே போகும், மொபைல் நெட்வொர்க்கில் இது இன்னும் அதிகம். 0.0.0.0/0 என்பதோடு ::/0 என்ற அந்த இன்னொரு பகுதியையும் சேர்த்து எழுதுங்கள், சர்வரிலும் ஐபிவி6 வேலை செய்ய வேண்டும். சில இடங்களில் யுடிபியையே தடுத்து வைத்திருப்பார்கள். அங்கே நான் ஃபோன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறிவிடுகிறேன். ஓபன்விபிஎன் என்ற இன்னொரு விபிஎன் நிரலை, இணையதளங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் டிசிபி 443 போர்ட்டில் போட்டு வைத்திருக்கும் நண்பர்களும் உண்டு.

குன்னூர் டீச்சர்

நல்லா எழுதியிருக்கீங்க தம்பி. என் அனுபவம் ஒன்று. ஒரு பேக்கரியில் வர்க்கி வாங்க உட்கார்ந்தபோது வைஃபை இணைத்தேன், ஒரு பக்கம் தானாகத் திறந்து கூகுள் படம் போட்டு மெயில் ஐடியும் பாஸ்வேர்டும் கேட்டது. மேலே முகவரியைப் பார்த்தால் கூகுளுக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு பெயர். கடைக்காரரிடம் காட்டினேன், எங்கள் வைஃபை அப்படி எதுவும் கேட்காதே மேடம் என்று அவரே திகைத்துப் போனார். உடனே துண்டித்து, ஃபோனில் அந்தப் பெயரையும் அழித்துவிட்டேன். என் கூட வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் நிறைய பேர் இப்படி வந்தால் போட்டுவிடுவார்கள், அதுதான் கவலை. உங்கள் விபிஎன் இருந்திருந்தால் இது வந்திருக்காதா?

கோத்தகிரிக்காரர்

வந்திருக்கும் டீச்சர். அந்த லாகின் பக்கம் சுரங்கம் திறப்பதற்கு முன்னாலேயே வருவது. விபிஎன் எப்போதும் இயங்கும்படி வைத்திருந்தால் அந்தப் பக்கம் திறக்காமல் இணையமே வராது, எனவே ஒரு நிமிஷம் விபிஎன்னை நிறுத்தி, லாகின் முடித்து, மறுபடி போட வேண்டியிருக்கும். அந்த ஒரு நிமிஷத்தில் நம்மைக் காப்பது நம் கண் மட்டும்தான், நீங்கள் முகவரியைப் பார்த்தீர்களே, அதுதான். பொது வைஃபை தருகிறவர்கள் யார் பயன்படுத்துகிறார்கள் என்று பதிவு வைக்க வேண்டும் என்பதால் ஃபோன் எண்ணும் ஓடிபியும் கேட்பது வழக்கம். மெயில் பாஸ்வேர்டு, ஆதார் எண், கார்டு எண், யுபிஐ பின் இவற்றைக் கேட்டால் அந்த வைஃபையே வேண்டாம். உங்கள் தோழிகளுக்கு ஒன்று சொல்லுங்கள், பணம் போய்விட்டது என்று தெரிந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும். சீக்கிரம் சொன்னால்தான் பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் நிறுத்த வாய்ப்பு உண்டு. வங்கி வேலை என்றால் நான் விபிஎன் இருந்தாலும் கடை வைஃபையில் செய்வதில்லை, மொபைல் டேட்டாதான். அதுவும் போக, விபிஎஸ் இருக்கும் டேட்டா சென்டரின் முகவரியிலிருந்து வந்தால் சில வங்கி ஆப்கள் சந்தேகப்பட்டு வெளியே தள்ளிவிடுகின்றன.

கூடலூர் மாணவன்

அண்ணா, மாதம் மாதம் டாலர் கட்டக் கையில் காசு இல்லாததால் வீட்டில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் இதையே போட்டுப் பார்த்தேன். வீட்டுக்குள் வேலை செய்தது, காலேஜிலிருந்து நுழையவே முடியவில்லை. ரவுட்டரில் போர்ட் எல்லாம் திறந்து பார்த்தேன். கடைசியில் ரவுட்டர் காட்டுகிற முகவரி 100.64-ல் ஆரம்பித்ததைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. நிறைய வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரி கொடுத்திருக்கிறார்கள், வெளியிலிருந்து என் வீட்டை மட்டும் தனியாகத் தட்ட வழியே இல்லை. விபிஎஸ்ஸுக்குத் தருகிற காசு முக்கியமாக அந்தத் தனிப் பொது முகவரிக்குத்தான் என்று இப்போது நினைக்கிறேன். எங்கள் பக்கம் கரன்ட் போவதையும் கணக்கில் சேர்த்தால் வீட்டு சர்வர் கட்டுப்படியாகாது. இப்போது நாங்கள் நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஒரே விபிஎஸ் வைத்திருக்கிறோம், ஆளுக்கொரு சாவி.

கொடைக்கானல் ஹோம்ஸ்டே

நான் வைஃபை கொடுக்கிற பக்கத்து ஆள். பெருமாள்மலை அருகே வீடு. விருந்தினர் இறங்கியதும் முதலில் கேட்பது பாஸ்வேர்டுதான், சுடுதண்ணீர் எல்லாம் அப்புறம். ஒரு முறை தங்க வந்த நெட்வொர்க் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் உட்கார்ந்து காட்டினார், விருந்தினர் வைஃபையிலிருந்தே எங்கள் வாசல் கேமராவும் பில் போடும் கம்ப்யூட்டரும் தெரிந்தன. அன்றைக்கே மாற்றினோம். ரவுட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் தனி, கேமராவும் பில்லிங்கும் தனி. ஒருவர் ஃபோன் இன்னொருவர் ஃபோனைப் பார்க்க முடியாதபடி ஐசோலேஷன் என்று ஒரு அமைப்பு இருக்கிறது, அதையும் போட்டோம். ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டு வாங்கியபோது இருந்ததே இருந்தது, மாற்றினோம். பாஸ்வேர்டு அடிக்காமலே இணைக்க உதவும் டபிள்யூபிஎஸ் பட்டனை அணைத்தாயிற்று. இதற்கெல்லாம் ஒரு ரூபாய் செலவில்லை. ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் தயவுசெய்து இதைச் செய்யுங்கள், குடும்பத்தோடு நம்மை நம்பி வந்து தங்குகிறார்கள்.

கோத்தகிரி அண்ணனிடம் ஒரு கேள்வி. நானும் ஒரு விபிஎஸ் எடுத்து ரவுட்டரிலேயே வயர்கார்டு போட்டுவிட்டால் விருந்தினர் எல்லோருக்கும் பாதுகாப்பாக இருக்குமே, செய்யலாமா?

கோத்தகிரிக்காரர்

வேண்டாம் அண்ணே. உங்கள் ரவுட்டர் வரைக்கும் இருக்கும் வைஃபைதான் பொது இடம், அதை நீங்கள் ஏற்கெனவே சரிசெய்துவிட்டீர்கள். அதற்கு அப்பால் சர்வர் வரை பூட்டுவதால் விருந்தினருக்குப் பெரிதாக எதுவும் கிடைக்காது, வேகம்தான் குறையும். அதைவிட முக்கியம், விபிஎஸ் உங்கள் பெயரில், உங்கள் கார்டில் இருக்கிறது. சொந்த விபிஎன் நம்மை மறைக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள், ஆனால் ஒரே ஆள் வைத்திருக்கும் முகவரியில் மறைய என்ன இருக்கிறது? 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி விபிஎஸ், விபிஎன் சேவை தரும் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு எண் எல்லாவற்றையும் ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டும். தங்க வந்த யாரோ உங்கள் சர்வர் வழியாக ஏதாவது செய்துவிட்டுப் போனால் விசாரணை முதலில் உங்களிடம்தான் வரும். கூடலூர்த் தம்பி, நீங்கள் நால்வர் சேர்ந்து வைத்திருப்பதிலும் இதே விஷயம் இருக்கிறது, யார் பெயரில் எடுத்தீர்களோ அவருக்கு மற்ற மூவர் மேலும் முழு நம்பிக்கை இருக்க வேண்டும்.

உங்களுக்கென்று ஒரு விபிஎஸ் எடுத்து, நீங்கள் திண்டுக்கல், மதுரை போகும்போது உங்கள் ஃபோனில் போட்டுக்கொள்ளுங்கள் அண்ணே, அதற்கு நல்ல உபயோகம். அங்கிருந்தே வாசல் கேமராவையும் பார்க்கலாம். கேமராவை நேரடியாக இணையத்தில் திறந்து வைப்பதைவிட, வீட்டில் இருக்கும் ஒரு கருவியை சர்வரோடு வயர்கார்டில் இணைத்து அதன் வழியாகப் பார்ப்பது எவ்வளவோ மேல். அந்தக் கருவிக்கான அமைப்பில் கீப்பலைவ் என்பதை 25 நொடி என்று வைக்க மறக்க வேண்டாம், கூடலூர்த் தம்பி சொன்ன அந்தப் பகிர்வு முகவரிக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்கு வழி திறந்தபடி இருக்க அது வேண்டும்.