மான்டரே அக்வேரியத்தில் ஜெல்லி மீன் படம் எடுக்க: இருட்டு, தடுப்பில் பிரதிபலிப்பு, கிட் லென்ஸ்

மலைச்சாரல் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் அப்பாவும் அம்மாவும் கோயம்புத்தூரிலிருந்து வருகிறார்கள். சான் ஹோசேயில் எங்கள் வீட்டிலிருந்து மான்டரே பே அக்வேரியம் காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்பதால் அவர்களை அங்கே கூட்டிப் போகத் திட்டம். அம்மாவுக்கு ஜெல்லி மீன் என்றால் உயிர். அந்த அக்வேரியத்தின் நேரலைக் கேமராவை ஊரிலிருந்தே போட்டு வைத்துக்கொண்டு பார்ப்பார். நல்ல படம் ஒன்று எடுத்து, பெரிதாகப் பிரிண்ட் போட்டு, அவர் அறைச் சுவரில் மாட்டக் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

என்னிடம் இருப்பது கேனான் ஏபிஎஸ்-சி (சின்ன அளவு சென்சார்) டிஎஸ்எல்ஆர், 24 மெகாபிக்சல், கூடவே வந்த 18-55 கிட் லென்ஸ், அப்புறம் கைப்பேசி. முன்பு அங்கே எடுத்த படங்களில் மூன்று சிக்கல். ஜெல்லியின் குடை வெள்ளையாக வெளுத்துப்போய் உள்ளே இருக்கும் கோடுகள் எதுவும் தெரியவில்லை. கீழே தொங்கும் இழைகள் கலங்கலாக இருக்கின்றன. பாதிப் படங்களில் என் பின்னால் நின்றவர்களின் கைப்பேசித் திரை தொட்டிக்குள் மிதப்பது போலத் தெரிகிறது. ஃபிளாஷ் போடுவதில் எனக்கு விருப்பமில்லை. புது லென்ஸ் வாங்கித்தான் ஆக வேண்டுமா, போலரைசர் ஃபில்டர் இருந்தால் பிரதிபலிப்பு போய்விடுமா, ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) எவ்வளவு வரை ஏற்றலாம்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

இருட்டறை எழுதியது:

முதலில் லென்ஸ் விஷயத்தைப் பேசிவிடலாம், மற்றதெல்லாம் அதைப் பொறுத்துத்தான். உங்கள் கிட் லென்ஸ் 55 மில்லிமீட்டரில் எஃப் 5.6 வரைதான் திறக்கும் (எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது). 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் அதைவிட மூன்று ஸ்டாப்புக்கும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) சற்று அதிகமாக வெளிச்சம் உள்ளே விடும். கிட் லென்ஸில் ஐஎஸ்ஓ 12800 கேட்கும் காட்சி இதில் 1600க்குக் கீழேயே முடிந்துவிடும் என்றால் வித்தியாசம் புரியும். முழுதாகத் திறந்து வைத்தால் குடையின் முன் விளிம்பு மட்டும் கூர்மையாக இருந்து மற்றதெல்லாம் கரைந்துவிடும், அதனால் எஃப் 2.5 அல்லது 2.8இல் வைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் இரண்டு ஸ்டாப் லாபம். கேனானில் இருப்பதிலேயே விலை குறைந்த லென்ஸ்களில் அது ஒன்று, வாங்க மனமில்லை என்றால் ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். கிட் லென்ஸோடுதான் போவேன் என்றால் 18 பக்கம் வைத்து எஃப் 3.5இல், தொட்டியின் முன்பக்கத் தடுப்புக்கு அருகே வரும் ஜெல்லியை மட்டும் எடுங்கள்.

குடை வெளுத்துப்போனதற்குக் காரணம் இருட்டுதான், ஆனால் நீங்கள் நினைக்கிற விதத்தில் அல்ல. படத்தின் பெரும்பகுதி இருண்ட தண்ணீர், நடுவில் வெளிச்சம் விழுந்த ஒரு சின்ன உடல். கேமராவின் மீட்டர் மொத்தத்தையும் சராசரியாகப் பார்த்து, காட்சி இருட்டு என்று முடிவு செய்து வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. பின்னணி சாம்பல் ஆகிறது, உடல் எரிந்துபோகிறது, அதோடு ஷட்டரும் மெதுவாகி இழைகள் கலங்குகின்றன. உங்கள் முதல் இரண்டு சிக்கலும் ஒரே இடத்திலிருந்து வருபவை. மேனுவல் மோடுக்கு மாறுங்கள். ஷட்டர் 1/125 நொடி, எஃப் 2.8, ஐஎஸ்ஓ 1600 என்று தொடங்கி ஒரு படம் எடுத்துக் குடையைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெளுத்திருந்தால் ஐஎஸ்ஓவை இறக்குங்கள், மங்கலாக இருந்தால் ஏற்றுங்கள். தொட்டிக்குள் இருக்கும் விளக்கு அநேகமாக மாறுவதில்லை, ஒரு தொட்டிக்கு ஒரு முறை சரிசெய்துவிட்டால் அங்கிருந்து நகரும் வரை அந்த எண்களைத் தொட வேண்டியதில்லை. அப்புறம் முழுக் கவனமும் ஜெல்லி மேல் இருக்கலாம்.

ஹிஸ்டோகிராம் (படத்தில் வெளிச்சம் எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் வரைபடம்) பார்க்கும் பழக்கம் இருந்தால் மொத்தப் பிரகாசத்தைக் காட்டும் வெள்ளைக் கோட்டை மட்டும் நம்ப வேண்டாம், சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் போடுங்கள். பிரகாச ஹிஸ்டோகிராமில் நீலத்தின் பங்கு மிகக் குறைவு, ஆகவே அது ஒழுங்காகத் தெரியும்போதே நீலம் மட்டும் தனியாக நிரம்பி வழிந்திருக்கும். பின்னணி தட்டையான நீலப் பூச்சு போல வருவது அதனால்தான். ஒயிட் பேலன்ஸை (நிறச் சமநிலை) ஆட்டோவில் விடாதீர்கள், அந்த நீலத்தைப் பிழை என்று எண்ணிக் கழிக்கப் பார்க்கும். டேலைட்டில் பூட்டிவிட்டு, ராவில் (கேமரா பதப்படுத்தாத கோப்பு) எடுத்து, வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

பிரதிபலிப்புக்கு வைத்தியம் தடுப்பை ஒட்டி நிற்பதுதான். லென்ஸின் வாயில் மடங்கும் ரப்பர் ஹூட் ஒன்றை மாட்டி, தடுப்பின் மேல் பட்டும் படாமலும் அணைத்துவிட்டால் பின்னால் யார் எந்தத் திரையைப் பிடித்தாலும் படத்துக்குள் வராது. கறுப்புச் சட்டை போட்டுப் போங்கள். லென்ஸ் தடுப்புக்கு நேராகப் பார்க்க வேண்டும், சாய்வாக வேண்டாம். அந்தத் தடுப்பு பெரும்பாலும் கனமான அக்ரிலிக். சாய்ந்து பார்த்தால் ஒளி அதில் வளைந்து, விளிம்புகளில் நிறம் பிரிந்து, எல்லாமே மழுங்கும், எந்த விலையுயர்ந்த லென்ஸும் அதைக் காப்பாற்றாது. ஒட்டி நிற்பதில் இன்னொரு நன்மை, அக்ரிலிக்கில் விழுந்த கீறல்களும் கைரேகைகளும் ஃபோகஸுக்கு வெளியே போய்க் கரைந்துவிடும். ஒரு மைக்ரோஃபைபர் துணி பையில் இருக்கட்டும்.

ஃபோகஸ்தான் உண்மையான வேலை. கண்ணாடி மாதிரியான உடலில் ஆட்டோஃபோகஸுக்குப் பிடிக்க எதுவும் கிடைக்காமல் முன்னும் பின்னும் தேடும். நடுப்புள்ளி ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து குடையின் விளிம்பில் வையுங்கள், ஒளிக்கும் இருட்டுக்கும் எல்லை அங்கேதான் தெளிவாக இருக்கிறது. அதுவும் தடுமாறினால் லைவ் வியூவில் (பின்திரையில் காட்சியைப் பார்ப்பது) பெரிதாக்கி, ஒரு ஜெல்லியின் மேல் கையால் ஃபோகஸ் செய்து, வளையத்தை அப்படியே விட்டுவிட்டு, அடுத்தது அதே தூரத்துக்கு வரும்வரை காத்திருங்கள். நான் இந்த வழியைத்தான் விரும்புகிறேன், துரத்திப் போய் எடுத்த படத்துக்கும் காத்திருந்து எடுத்த படத்துக்கும் வேறுபாடு தெரிகிறது. ஃபோகஸ் உதவிக்கு எரியும் சின்ன விளக்கை மெனுவில் அணைத்துவிடுங்கள்.

கடைசியாக, அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், சில விளக்குகள் அதற்கேற்ப நொடிக்கு 120 முறை துடிக்கும். படத்தில் குறுக்கே பட்டைகள் விழுந்தால் ஷட்டரை 1/125 அல்லது 1/60க்குக் கொண்டுவாருங்கள்.

கடல்நுரை எழுதியது:

இருட்டறை அண்ணா சொன்னதெல்லாம் சரி. நான் விலங்கியல் படித்தவள், அதனால் தொட்டிக்கு உள்ளே இருப்பதைப் பற்றிக் கொஞ்சம்.

காத்திருந்தால் ஜெல்லி அதே இடத்துக்கு வருமா என்று சந்தேகம் வேண்டாம், பெரும்பாலும் வரும். மூலைகள் உள்ள சாதாரணத் தொட்டியில் விட்டால் இவை மூலையில் போய் ஒதுங்கி, சுவரில் உரசிக் கிழிந்துவிடும். அதனால் இவற்றுக்கென்று உருண்ட உட்புறம் கொண்ட கிரைசல் தொட்டிகள் இருக்கின்றன, தண்ணீர் மெதுவாக வட்டமாகச் சுற்றி, உடலைச் சுவரில் படவிடாமல் நடுவில் வைத்திருக்கும். 1960களில் ஜெர்மனியில் வுல்ஃப் கிரேவே மிதவை உயிரிகளை வளர்க்க அமைத்த தொட்டி அது, பிறகு வில்லியம் ஹாம்னர் அதை ஜெல்லிகளுக்கு ஏற்றபடி மாற்றினார். நீரோட்டம் ஒரே பாதையில் போவதால் கொஞ்ச நேரம் கேமராவைத் தொடாமல் நின்று பார்த்தாலே எந்த இடத்தில் மேலே எழுகின்றன, எங்கே திரும்புகின்றன என்று பிடிபட்டுவிடும். அந்தத் திருப்பத்தில் ஃபோகஸை வையுங்கள். உங்கள் அம்மா நேரலையில் பார்ப்பது ஜெல்லி கேமராதானே, அதில் தெரிபவை சீ நெட்டில் என்ற ஜெல்லி வகை. போவதற்கு முன்பு நீங்களும் அதைப் பாருங்கள், அந்த அசைவு கண்ணுக்குப் பழகிவிடும்.

குடையின் துடிப்பையும் கவனியுங்கள். நிலா ஜெல்லி சுருங்கி, விரிந்து, அடுத்த துடிப்புக்கு முன் சிறிது நேரம் அசையாமல் வழுக்கிச் செல்லும். அந்த இடைவெளியில் அமுக்கினால் ஷட்டர் மெதுவாக இருந்தாலும் தெளிவாக வரும், குடையும் முழுதாக விரிந்திருக்கும். மேலிருந்து தெரியும் நான்கு குதிரைலாட வளையங்கள் அதன் இனப்பெருக்க உறுப்புகள், ஃபோகஸ் பிடிக்க அவை நல்ல இடம். ஆனால் சுவரில் மாட்டும் படத்துக்கு நான் சீ நெட்டிலைத்தான் சொல்வேன். பொன்பழுப்புக் குடை, நீலப் பின்னணி, நீண்ட மெல்லிய இழைகள், நடுவில் சுருள் சுருளாகத் தொங்கும் வாய்க்கரங்கள். நிலா ஜெல்லிக்குச் சொந்த நிறம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, விளக்கு என்ன நிறமோ அதுதான். சீ நெட்டிலின் நிறம் அதனுடையது. எடுக்கும்போது இழைகளுக்குக் கீழே தாராளமாக இடம் விடுங்கள், பாதியில் வெட்டுப்பட்ட இழை கண்ணை உறுத்தும்.

நேரம் இருந்தால் 2022இல் திறந்த ஆழ்கடல் கூடத்துக்கும் போய்வாருங்கள், அது இன்னும் இருட்டு. அங்கே சீப்பு ஜெல்லிகளின் உடலில் வானவில் ஓடும். பலர் அதை உயிரொளி, அதாவது உயிரி தானே வீசும் ஒளி, என்று நினைக்கிறார்கள். அது வெளியிலிருந்து விழும் வெளிச்சம், எட்டு வரிசையாக அடிக்கும் நுண்ணிய மயிரிழைகளில் பட்டுச் சிதறி நிறங்களாகப் பிரிகிறது, குறுந்தகட்டின் பின்புறத்தில் தெரியும் நிறங்கள் போல. எனவே எந்தக் கோணத்தில் நிற்கிறீர்கள் என்பதே முக்கியம். அரை அடி நகர்ந்தால் நிறம் மறையும், இன்னும் அரை அடியில் திரும்ப வரும். தடுப்புக்கு நேராக நின்றபடியே பக்கவாட்டில் நகருங்கள்.

ஃபிளாஷ் வேண்டாம் என்று நீங்களே முடிவு செய்ததில் எனக்கு மகிழ்ச்சி. ஜெல்லிகளுக்கு மூளை இல்லை, ஆனால் பலவற்றின் குடை விளிம்பில் ஒளியை உணரும் உறுப்புகள் உண்டு. படத்துக்கும் அதனால் லாபமில்லை, அக்ரிலிக்கில் பட்டுத் திரும்பும், தண்ணீரில் மிதக்கும் ஒவ்வொரு தூசியையும் வெள்ளைப் புள்ளியாக்கும்.

கைப்பேசிக்காரன் எழுதியது:

கைப்பேசியைக் குறைவாக எண்ண வேண்டாம் நண்பரே, கூட்டத்தில் அதுதான் கைகொடுக்கும். நைட் மோடை அணைத்துவிடுங்கள். அது பல படங்களை ஒன்றாகச் சேர்ப்பது, அசையாத கட்டடத்துக்கு நல்லது, அசையும் ஜெல்லிக்கு இரண்டு குடை வந்துவிடும். 1எக்ஸ் எனும் பிரதான லென்ஸை மட்டும் பயன்படுத்துங்கள், அல்ட்ரா வைட் பொதுவாக இதைவிடக் குறைவான வெளிச்சத்தையே வாங்கும். குடையின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, திரையில் கீழே இழுத்து, பின்னணி நன்றாக இருளும் வரை வெளிச்சத்தைக் குறையுங்கள். பிறகு கைப்பேசியைத் தடுப்பின் மேல் அப்படியே தட்டையாகச் சாய்த்துவிட்டால் பிரதிபலிப்பும் போகும், கை நடுக்கமும் போகும். 4கே வீடியோ எடுத்து அதிலிருந்து ஒரு காட்சியை வெட்டினாலும் 8 மெகாபிக்சல் கிடைக்கும், சின்ன பிரிண்டுக்குப் போதும்.

நேரத்தைப் பற்றி: வார நாளில், திறந்தவுடன். பெரும்பாலோர் கடல்நீர்நாய்களிடமும், 28 அடி உயரக் கடற்பாசிக் காட்டுத் தொட்டியிடமும் முதலில் நிற்பார்கள். நீங்கள் நேராக ஓப்பன் சீ பகுதிக்குப் போனால் ஜெல்லித் தொட்டி முன் கொஞ்ச நேரம் தாராளமாக நிற்கலாம். பிறகு கூட்டம் சேரும்போது குழந்தைகளுக்கு முன்னிடம் விட்டுக்கொடுங்கள், அவர்கள் தலைக்கு மேலேயே நல்ல படம் கிடைக்கும். ட்ரைபாட் வேண்டவே வேண்டாம், ஜெல்லி அசையும்போது அதனால் என்ன பயன், இருட்டில் நடப்பவர்கள் தடுக்கி விழுவார்கள்.

மலைச்சாரல்:

மூவருக்கும் மிக்க நன்றி. 50 மில்லிமீட்டரை வாடகைக்குப் பதிவு செய்துவிட்டேன். இன்னும் இரண்டு கேள்விகள். போலரைசர் பற்றி யாரும் சொல்லவில்லையே? அப்புறம் ஐஎஸ்ஓ 3200 வரை போனால் பெரிய பிரிண்டில் புள்ளி புள்ளியாகத் தெரியாதா? 50 மில்லிமீட்டரில் மிக அருகில் வரும் ஜெல்லியை ஃபோகஸ் செய்ய முடியுமா என்பதும் யோசனையாக இருக்கிறது.

இருட்டறை எழுதியது:

போலரைசரை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை வெளிச்சத்தைத் தின்னும், அதாவது லென்ஸை மாற்றிச் சம்பாதித்ததைத் திருப்பிக் கொடுத்தது போலாகும். அது பிரதிபலிப்பை நன்றாக நீக்குவது ஏறக்குறைய 56 பாகைச் சாய்வில் பார்க்கும்போதுதான், நேராகப் பார்த்தால் எதுவும் செய்யாது, நாம் நிற்கப்போவதோ நேராக. போதாக்குறைக்கு அக்ரிலிக்கின் உள்ளிறுக்கம் போலரைசர் வழியாகப் பார்க்கும்போது வண்ணப் பட்டைகளாகத் தெரிய வாய்ப்புண்டு.

அருகில் வருவதைப் பொறுத்தவரை, அந்த 50 மில்லிமீட்டரின் இப்போதைய எஸ்டிஎம் மாடல் சென்சாரிலிருந்து 35 சென்டிமீட்டருக்குக் குறைவாக ஃபோகஸ் செய்யாது. தண்ணீருக்குள் இருப்பது உண்மையான தூரத்தில் முக்கால் பங்கில் இருப்பதாகத்தான் லென்ஸுக்குத் தெரியும், ஆகவே தடுப்பில் உரசிக்கொண்டு போகும் ஜெல்லியை விட்டுவிட்டு, ஓரிரு அடி உள்ளே இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பின்னணியும் அப்போதுதான் சுத்தமாக இருக்கும்.

ஐஎஸ்ஓ 3200க்குப் பயப்படாதீர்கள். குறைந்த ஐஎஸ்ஓவில் இருட்டாக எடுத்து வீட்டில் வெளிச்சத்தை ஏற்றுவதால் புள்ளிகள் குறைந்துவிடாது, குடை வெளுக்காத அளவுக்குக் கேமராவிலேயே சரியான ஐஎஸ்ஓ வையுங்கள். ரா கோப்பாக இருந்தால் லைட்ரூம் மென்பொருளில் புள்ளி நீக்கும் டீனாய்ஸ் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும், ஆனால் மிதமாகப் போடுங்கள், அதிகமானால் மெல்லிய இழைகளையும் புள்ளி என்று நினைத்து வழித்துவிடும். உங்கள் 24 மெகாபிக்சல் படம் 6000க்கு 4000, அங்குலத்துக்கு 200 புள்ளி என்று போட்டாலே 30க்கு 20 அங்குலம் வரும், சுவரில் மாட்டி நாலடி தள்ளி நின்று பார்ப்பதற்கு அது தாராளம். பின்னணி நீலத்தை முழுக் கறுப்பாக்கிவிடாதீர்கள், பலரும் அப்படிச் செய்கிறார்கள், எனக்கு அது பிடிப்பதில்லை, தண்ணீர் இல்லாத இடத்தில் தொங்குவது போல ஆகிவிடுகிறது.

பிரிண்ட் எப்போதும் திரையில் பார்ப்பதைவிட இருட்டாக வரும். இந்த மாதிரிப் படத்தில் அது இன்னும் கூடுதலாகத் தெரியும். நிழல் பகுதியைக் கொஞ்சம் உயர்த்தி, அதே கடையில் அதே தாளில் 4க்கு 6 அளவில் இரண்டு மூன்று வெளிச்ச அளவுகளில் போட்டுப் பார்த்துவிட்டுப் பெரியதைக் கொடுங்கள். தாள் லஸ்டராக (அரைப் பளபளப்பு) இருக்கட்டும். பளபளப்பான தாளில் அறை ஜன்னல் முழுக்கத் தெரியும், மேட்டில் அந்த ஆழ்ந்த நீலம் வெளிறிவிடும்.