மறு: வெடிப்பா, தகர்ப்பா? சுரங்கவழிக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

சுரங்கவழியைச் சுற்றியுள்ள பாறை சேதமாகாமல் வெடிவைக்கும் முறைகளுக்கு ‘கட்டுப்படுத்தப்பட்ட வெடிப்பு’ என்ற சொல் முன்வைக்கப்பட்டிருந்தது. எனக்கு இரண்டு சொல்லுமே நெருடுகின்றன. கட்டுப்பாடில்லாமல் எந்தச் சுரங்கத்தில் வெடி வைக்கிறார்கள்? ‘வெடிப்பு’ இன்னும் சிக்கல். பித்தவெடிப்பு, வயல்வெடிப்பு என்று விரிசலையும் அதே சொல்லால்தான் சொல்கிறோம். ‘வெடிப்பினால் சுவரில் வெடிப்பு’ என்று எழுதவேண்டி வரும். இந்த முறைகள் தவிர்க்கப் பார்ப்பதே அந்த விரிசலைத்தானே! ஆகவே செயலுக்குத் ‘தகர்ப்பு’ என்போம்.

அடைமொழியை வேலை நடக்கும் விதத்திலிருந்தே எடுக்கலாம். குடையும் பாறைமுகப்பின் நடுத்துளைகளில் வழக்கம்போல வெடிமருந்து நிரப்புவார்கள். குடைவின் எல்லைக்கோட்டில் மட்டும் துளைகள் நெருக்கமாக இருக்கும். மருந்து குறைவு, அதுவும் துளையைவிட ஒல்லியான குச்சியாக. சுற்றியுள்ள காற்றிடைவெளி அழுத்தத்தின் உச்சத்தைத் தணிப்பதால் துளைச்சுவர் நொறுங்காது. அடுத்தடுத்த துளைகளுக்கு நடுவே மட்டும் ஒரு பிளவு ஓடிச் சேரும். அமுக்கத்தை அப்படித் தாங்கும் பாறை, இழுவையில் அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைத் தாங்கினாலே பெரிது. பிளவு எளிதில் ஓட அந்தப் பலவீனம்தான் இங்கே நமக்குக் கைகொடுக்கிறது. சூட்சுமம் முழுவதும் எல்லைக்கோட்டில் இருப்பதால் என் பரிந்துரை: வரம்புத் துளை, வரம்புத் தகர்ப்பு.

இதில் இரண்டு வகை முக்கியம். வரம்புத் துளைகளை முதலில் வெடித்துப் பிளவை ஏற்படுத்திவிட்டு, பிறகு உள்பாறையைத் தகர்த்தால் ‘முன்பிளப்பு’. திறந்தவெளிச் சுரங்கங்களில் இது நன்றாக எடுபடும். நாலாபுறமும் பாறை நெருக்கும் நிலத்தடியில் அவ்வளவாக இல்லை. அங்கே வரம்பைக் கடைசியாக வெடிப்பதே வழக்கம். இதை ‘மென்தகர்ப்பு’ என்று சிலர் எழுதுகிறார்கள். வெடி மென்மையானதல்ல, கிடைக்கும் சுவர்தான் மழமழப்பு. மிஞ்சிய மெல்லிய அடுக்கைச் சீவி எடுப்பதால் ‘சீவுதகர்ப்பு’ என்று வைத்தால் என்ன?

திட்டக்கோட்டைத் தாண்டி உடைவதற்கு ‘மிகையுடைவு’. அள்ளவேண்டிய கல்லும் பூசவேண்டிய கான்கிரீட்டும் இதனால்தான் கூடுகின்றன. நல்ல தகர்ப்புக்குப் பின் சுவரில் பாதித் துளை வாய்க்கால்போல நிற்கும் அல்லவா, அது ‘அரைத்துளைத் தடம்’. துளையிட்ட மொத்த நீளத்தில் எத்தனை விழுக்காடு அப்படித் தெரிகிறது என்பதை வைத்தே வேலையின் தரத்தை மதிப்பிடுகிறார்கள். இணைப்புப் பிளவுகள் (இயற்கையாகவே உள்ள விரிசல்கள்) மலிந்த பாறையில் இந்தக் கணக்கு ஏமாற்றும் என்பது வேறு. துளையே கோணலாகப் போயிருந்தால் மருந்தைக் குறைத்தும் பயனில்லை.

> ஐயா, ‘அதிர்வு வரம்பு’ என்று வெடி அதிர்வு தாண்டக்கூடாத அளவுக்கும் அதே சொல்லைப் பயன்படுத்துகிறோமே, குழம்பாதா? ‘விளிம்பு’ போதுமே?

நியாயமான கேள்வி. அளவுக்கு ‘அதிர்வு உச்சம்’ என்று மாற்றிக்கொள்ளலாம். விளிம்பு வெறும் ஓரம். அதை மீறக்கூடாது என்ற குறிப்பு வரம்பில்தான் இருக்கிறது.